வளையப் பின்னலில் வண்ண உருவம் பதிப்பதற்குத் திட்டமிடும் முறை

கோத்தகிரி_வளையம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழங்காலப் போர்வீரர்கள் அணிந்த சங்கிலிக் கவசத்தின் பின்னலிலேயே, கம்பி வளையங்களைக் கையால் கோத்து, எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு ஒரு சுவர்த் தொங்கல் செய்ய விரும்புகிறேன். அகலம் 60 செ.மீ., உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. என்று வைத்திருக்கிறேன். ஒரு வளையம் நான்கு வளையங்களைக் கோக்கும் ஐரோப்பியப் பின்னலே எனக்குப் பழக்கமானது. 16 கேஜ் தடிமனுள்ள அலுமினியக் கம்பியில் 6.4 மி.மீ. உள்விட்டமுள்ள வளையங்களைப் பயன்படுத்தப் போகிறேன்.

நடுவில் வரையாட்டின் பக்கவாட்டு உருவமும், சுற்றிலும் தோடர் பூந்தையலை ஒத்த ஒரு கரையும் வர வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு புகைப்படத்தைப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு வளையம் என்று கணக்கிட்டு வண்ணம் நிரப்பி வைத்திருக்கிறேன். கம்பி வாங்குவதற்கு முன் மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தாள் வரைபடம் பின்னலில் அப்படியே வருமா? கரைக்குப் பித்தளை வளையம் சேர்க்கலாமா? வெற்றுப் பின்னலை முழுதாக முடித்துவிட்டு உருவத்துக்கான வளையங்களை மாற்றுவது நல்லதா, வரிசை வரிசையாக வண்ணத்தோடு பின்னிக்கொண்டே போவது நல்லதா?


குன்னூர்_பட்டறை எழுதியது:

தம்பி, வாங்குவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. கட்டத்தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த வரைபடம் பின்னலில் வேறு உருவமாகத்தான் வரும். காரணம் பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வளையமும் மேல் வரிசையில் இரண்டையும் கீழ் வரிசையில் இரண்டையும் கோப்பதால், ஒரு வரிசையின் வளையம் அடுத்த வரிசையின் இரண்டு வளையங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கும். வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் எப்படி நிற்கின்றனவோ அப்படித்தான் இதில் வளையங்கள் நிற்கின்றன. உங்கள் கட்டத்தாளோ நேர்ப்புள்ளி. ஆகவே வீட்டில் கோல நோட்டு இருந்தால் அதையே எடுங்கள். 15-இல் தொடங்கி 8-இல் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தில் 169 புள்ளிகள் உள்ளன. ஒரு சிறு பூவையோ பறவையையோ வரைந்து பழகுவதற்கு அது போதுமான பரப்பு.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஒரு வரிசைக்குள் அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே உள்ள தூரமும், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே உள்ள தூரமும் சமமல்ல. நீங்கள் சொன்ன அளவில் முதலாவது சுமார் 8 மி.மீ. வரும், இரண்டாவது சுமார் 4.5 மி.மீ. வரும். இவை கையையும் கம்பியையும் பொறுத்து மாறக்கூடியவை. எனவே 20 வளையம் அகலமும் 20 வரிசை உயரமும் கொண்ட ஒரு மாதிரித் துண்டை, கடைசியில் பயன்படுத்தப் போகும் அதே கம்பியில் பின்னி, சுவரில் எந்தத் திசையில் தொங்கப் போகிறதோ அந்தத் திசையிலேயே தொங்கவிட்டு அளந்து பாருங்கள். மேசையில் பரப்பி அளந்தால் தப்பாகிவிடும், ஏனெனில் இந்தப் பின்னல் ஒரு திசையில் இழுபடும்போது மறு திசையில் சுருங்கும்.

நான் சொன்ன அளவையே வைத்துக்கொண்டு பார்ப்போம். 24 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் வேண்டுமானால் அகலத்தில் 30 வளையமும் உயரத்தில் 53 வரிசையும் தேவை. கட்டத்தாளில் 30-க்கு 30 என்று வரைந்த வட்டம் 24 செ.மீ. அகலமும் 13.5 செ.மீ. உயரமும் உள்ள நீள்வட்டமாகப் படுத்துவிடும். உங்கள் வரையாடும் அவ்வாறே நசுங்கியிருக்கும்.

இந்தப் பின்னல் எதை எளிதாகத் தருகிறது, எதை மறுக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதன் பிறகு உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிடைக்கோடு ஒரே வரிசையில் ஓடுவதால் நேராக வரும். சாய்கோடு மிக அழகாக வரும், ஏனெனில் ஒவ்வொரு வரிசையிலும் அரை வளையம் நகர்வது இந்தப் பின்னலுக்கு இயல்பு. செங்குத்துக் கோடுதான் நெளியும். 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என்று வளையங்களை வைத்தால் ஒரு சாய்சதுரம் தானாகவே அமைந்துவிடும். அதற்கு 25 வளையங்கள் தேவை. நடு வரிசையில் எத்தனை வளையமோ அதன் வர்க்கமே மொத்தத் தொகை என்பதால், கரைக்கு எத்தனை வளையம் வெட்ட வேண்டும் என்பதைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம்.


கொடைக்கானல்_மணிமாலை எழுதியது:

குன்னூர் ஐயா சொன்னதோடு கணினியில் செய்யக்கூடிய ஒன்றைச் சேர்க்கிறேன். கணக்குத் தாள் மென்பொருளில் ஒரு வளையத்துக்கு இரண்டு கட்டங்களை ஒன்றிணைத்துக் கொள்ளுங்கள். ஒற்றைப்படை வரிசைகளை முதல் கட்டத்திலிருந்தும் இரட்டைப்படை வரிசைகளை இரண்டாவது கட்டத்திலிருந்தும் தொடங்கினால் அரை வளைய நகர்வு தானாகக் கிடைத்துவிடும். அதன் பிறகு கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் மாதிரித் துண்டில் அளந்த விகிதத்துக்கு மாற்றிவிட்டால், திரையில் காண்பதும் சுவரில் தொங்குவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மணிப் பின்னல் செய்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் செங்கல் அடுக்கு வரைபடத் தாளும் இதே அமைப்புடையதுதான். விகிதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருபுறமும் ஒத்திருக்கும் உருவம் வேண்டுமானால் சமச்சீர் அச்சைக் கவனியுங்கள். ஒரு வரிசையில் அச்சு ஒரு வளையத்தின் நடுவில் செல்லும், அடுத்த வரிசையில் இரண்டு வளையங்களுக்கு இடையில் செல்லும். ஆகவே முதல் வரிசையில் ஒற்றைப்படை எண்ணிக்கை வைத்தால் அடுத்த வரிசையில் இரட்டைப்படைதான் வைக்க வேண்டும். இதை மறந்து எல்லா வரிசையிலும் மூன்று மூன்றாக வைத்தால், தூண் போல நிற்க வேண்டிய பகுதி பாம்பாக நெளியும். 3, 2, 3, 2 என்று மாற்றி மாற்றி வைத்தால் அது ஒழுங்காக நிற்கும்.

வரையாட்டில் கடினமானவை கொம்பும் கால்களும். கொம்பின் வளைவை மூன்று பகுதிகளாகப் பிரித்து வரையுங்கள். நெற்றியிலிருந்து எழும் இடத்தில் மேற்சொன்ன 3, 2, 3, 2 அடுக்கு, பின்னோக்கித் திரும்பும் இடத்தில் வரிசைக்கு அரை வளையம் நகரும் சாய்வு, நுனியில் வரிசைக்கு ஒன்றரை வளையம் நகரும் தட்டையான சாய்வு என்று வைத்தால், பார்ப்பவர் கண் அதை ஒரே வளைவாகச் சேர்த்துக்கொள்ளும். ஒற்றை வளையத் தடிமனில் எந்தக் கோட்டையும் வரைய வேண்டாம். நான்கைந்து அடி தள்ளி நின்றால் அது மறைந்துவிடும். குறைந்தது இரண்டு வளையம் இருக்க வேண்டும், கால்களுக்கு மூன்று இருந்தால் நல்லது.

முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிர்ப் பகுதி தெரியும் அல்லவா, அதை விட்டுவிடாதீர்கள். உடலைக் கறுப்பு வளையத்தில் வைத்து அந்தச் சேணத்தை மட்டும் பளபளப்பான வெள்ளை அலுமினியத்தில் வைத்தால், கொம்பு சற்றே கோணலாக அமைந்தாலும் இது வரையாடுதான் என்று எவரும் உடனே சொல்லிவிடுவார்கள். முகத்தில் கண், மூக்கு என்று நுணுக்கம் சேர்க்க முயன்றால் இந்த அளவில் அது வெறும் கறையாகத் தெரியும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். தேர்ந்தெடுத்த வளையங்களைச் சிறு துண்டாகக் கோத்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். படத்தில் இரு வண்ணங்களும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால், தூரத்திலிருந்து பார்க்கும்போதும் அவை ஒன்றாகத்தான் தெரியும். வளையம் தட்டையான பரப்பு அன்று. ஒரு வரிசை ஒரு பக்கமும் அடுத்த வரிசை மறு பக்கமும் சாய்ந்திருப்பதால் ஒவ்வொன்றும் ஒளியை வேறு விதமாகத் திருப்பும். நீலமும் ஊதாவும் தட்டில் வைத்துப் பார்க்கும்போது நன்றாகவே பிரிந்து தெரியும், பின்னலில் கலந்துவிடும்.


கூடலூர்_மழைக்காடு எழுதியது:

பித்தளையைப் பற்றிய கேள்விக்கு எவரும் இன்னும் விடை தரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் அறிவுரை, அலுமினியப் பின்னலில் பித்தளையோ செம்போ கலக்க வேண்டாம் என்பதே.

முதலில் எடை. உங்கள் அளவில் ஒரு வளையத்துக்குச் சுமார் 25 மி.மீ. கம்பி தேவை, அதாவது ஆயிரம் வளையத்துக்கு 25 மீட்டர். அலுமினியத்தில் ஆயிரம் வளையம் சுமார் 140 கிராம் இருக்கும், பித்தளையில் சுமார் 450 கிராம். மூன்று மடங்குக்கும் மேல். கரை முழுவதும் பித்தளை என்றால் கீழ்க்கரை தன் எடையால் நடுப்பகுதியை இழுக்கும். பக்கக் கரைகள் தாமும் தனியே நீளும். நீங்கள் அளந்து வைத்த விகிதம் இடத்துக்கு இடம் மாறிவிடும்.

அடுத்தது ஈரம். அலுமினியமும் செம்பு சேர்ந்த உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், மின்வேதி அரிப்பினால் அலுமினியம்தான் தேயும். கீழே சமவெளியில் கூடத்துக்குள் தொங்கும் பொருளுக்கு இது பெரிய தொல்லையாக இராது. நம் மலையில் நிலைமை வேறு. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் வீட்டுச் சுவரே நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையில் நல்ல மழையும் அதோடு மூடுபனியும் உண்டு. ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியத்தில் அந்தப் படலம் ஓரளவு காக்கும். ஆனால் வண்ணக் கம்பியை வாங்கி நாமே சுற்றி வெட்டினால் வெட்டு முனைகளில் அந்தப் படலம் இராது; அரிப்பு அங்கேதான் தொடங்கும். வெட்டிய பிறகு ஆனோடைஸ் செய்யப்பட்ட வளையங்களே நல்லவை.

துடைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. பித்தளையில் களிம்பு ஏறினால் நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளியின் அமிலம் பித்தளையைத் துலக்கும், பக்கத்திலிருக்கும் அலுமினியத்தைக் கெடுக்கும். சலவைச் சோடா போன்ற காரம் ஆனோடைஸ் படலத்தையே கரைத்துவிடும். ஒரே பின்னலில் இரண்டும் இருந்தால் எதைக் கொண்டும் துலக்க முடியாத நிலை வரும்.

மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்றால் பொன்னிற ஆனோடைஸ் வளையத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் சாயம் ஏற்றிய ஆனோடைஸ் வண்ணங்கள் நேர் வெயிலில் நாளடைவில் வெளிறக்கூடும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது என்பதையும் நினைவில் வைத்து, சன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். கறுப்பும் வெள்ளையுமே போதும் என்று முடிவு செய்தால், எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகும் நல்ல தேர்வுதான். ஆனால் எடையும் கைவலியும் கூடும். ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி மலிவானது என்று அதன் பக்கம் போக வேண்டாம். நம் ஈரத்தில் அதன் துத்தநாகப் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும்.


உதகை_பூந்தையல் எழுதியது:

கரையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். தோடர் பெண்கள் பூத்துக்குளி என்னும் போர்வையின் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கும் பூந்தையல் எதையும் முன்கூட்டி வரைந்துகொண்டு செய்யப்படுவதன்று. பாவு இழையையும் ஊடு இழையையும் எண்ணி எண்ணியே ஊசி போகிறது. அந்தக் கலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உருவங்களை அப்படியே எடுத்து வேறொரு பொருளில் வைத்து, அதைத் தோடர் கரை என்று சொல்வது முறையாகாது என்பது என் கருத்து. விற்பனைக்கு இல்லை, வீட்டுக்குத்தான் என்றாலும், பார்ப்பவர் கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

தொழில்நுட்ப நோக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். துணியின் இழைகள் நேர்க்கட்டமாக ஓடுகின்றன, உங்கள் வளையங்களோ இடைப்புள்ளியாக நிற்கின்றன. அந்த உருவத்தை இங்கே கொண்டுவந்தால் அதன் நேர்கோடுகள் நெளிந்து சிதையும். ஒரு சமூகத்தின் அடையாளமாக இருக்கும் வேலையைச் சிதைந்த வடிவில் சுவரில் மாட்டுவதைவிட, உங்கள் பின்னலுக்கே உரிய கரையை நீங்களே கண்டுபிடிப்பது மேலானது. பூந்தையல் பிடித்திருந்தால் அந்தப் பெண்கள் தைத்த துணி ஒன்றை வாங்கி, தொங்கலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.


கேத்தி_கைவினை எழுதியது:

அக்கா சொல்வதில் பெயரைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சாய்சதுரமும் வளைந்து வளைந்து ஓடும் கோணல் பட்டையும் எந்த ஒரு சமூகத்துக்கும் மட்டுமே உரியவை அல்ல. முகலாயர் காலத்திலும் அதற்குப் பின்னரும் இந்தியாவில் செய்யப்பட்ட வளையக் கவசங்களில், இரும்பு வளையங்களுக்கு இடையே பித்தளையும் செம்பும் கோத்து இதே சாய்சதுரங்களையும் கோணல் பட்டைகளையும் அமைத்தார்கள். இரு உலோகங்கள் கலந்த அத்தகைய வேலையைக் கங்கா ஜமுனி என்பார்கள். ஐரோப்பியக் கவசச் சட்டைகளிலும் கைமுனையிலும் கீழ் விளிம்பிலும் சில வரிசைகள் பித்தளையாக இருப்பதுண்டு. அந்தக் கம்மியர்கள் பூவும் கொடியும் வரையத் தெரியாதவர்கள் அல்லர். தகட்டில் வேலை செய்தபோது அவற்றையே நிறையச் செதுக்கினார்கள். வளையத்தில் மட்டும் சாய்சதுரத்தை நாடியதற்கு, குன்னூர் ஐயா சொன்ன அதே காரணம்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேர்க்கட்ட உருவம் இங்கே சிதையும் என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. வரிசைக்குள் உள்ள தூரம் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதால், இந்த இடைப்புள்ளி அமைப்பு உண்மையில் 45 பாகை திருப்பி வைத்த நேர்க்கட்டம்தான். ஆகவே குறுக்குத் தையல் நோட்டில் உள்ள எந்த உருவத்தையும் நோட்டை மூலைவாட்டில் திருப்பிப் பிடித்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நேர்கோடுகள் சாய்கோடுகளாகும், எதுவும் நெளியாது. எனினும் தோடர் உருவத்தை எடுக்க வேண்டாம் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வளையமாக வெட்டுவதற்கு முன் கம்பியைச் சுருளாகச் சுற்றுவதற்கு உங்களுக்கு அருகிலேயே வழி இருக்கிறது. எங்கள் கேத்தியில் 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையின் போனி பின்னல் ஊசிகள் மில்லிமீட்டர் கணக்கில் பல தடிமன்களில் கிடைக்கின்றன. மாதிரித் துண்டுக்கு வெவ்வேறு அளவு வளையம் செய்து பார்க்க அவை மிகவும் வசதியானவை. முழு வேலைக்கு மட்டும் எஃகு ராடு வாங்கிக்கொள்ளுங்கள். நீளமாகச் சுற்றினால் ஊசி வளைந்துவிடும். கம்பி சுற்றி முடித்ததும் சற்றே விரிந்துகொள்ளும் என்பதால், ராடின் தடிமனை உள்விட்டமாக எழுதாமல் வெட்டிய வளையத்தை அளந்து எழுதுங்கள். அயல்நாட்டு அட்டவணைகளைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. நம் கடைகளில் 16 கேஜ் என்பது பிரிட்டிஷ் அளவில் 1.63 மி.மீ.; அமெரிக்க அளவில் அதே எண் 1.29 மி.மீ. மட்டுமே.

வெட்டுவதற்குக் குறடு வேண்டாம், ரம்பம்தான் வேண்டும். குறடு வெட்டிய முனை கூரை போல் இருபுறமும் சரிந்திருப்பதால், மூடிய பிறகும் ஒரு பிளவு தெரியும். கறுப்பு வளையத்தில் அந்தப் பிளவு வெள்ளைப் பொட்டாக மின்னும். உருவத்தின் விளிம்பில் அத்தகைய பொட்டுகள் வரிசையாக வந்தால் கோடே கலைந்துபோகும்.


கோத்தகிரி_வளையம் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. உதகை அக்கா சொன்னதை ஏற்று, தோடர் உருவம் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். சாய்சதுரக் கரையையே வைக்கிறேன். பித்தளையும் வேண்டாம். உடலுக்குக் கறுப்பு, பின்புலத்துக்கு வெள்ளை, கரைக்குப் பொன்னிற ஆனோடைஸ் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மட்டும் மீதம். கீழே ஓர் ஓரத்தில் ஆண்டை எழுத்தாகப் பதிக்க விரும்பினால் முடியுமா? வளையத்தை மாற்றுவதா, வரிசையாகப் பின்னுவதா என்ற என் முதல் கேள்விக்கும் விடை வேண்டும்.


கொடைக்கானல்_மணிமாலை எழுதியது:

எழுத்துக்கும் எண்ணுக்கும் ஐரோப்பியப் பின்னல் ஏற்றதன்று. அவற்றுக்கு ஜப்பானியக் கவசங்களில் காணப்படும் பின்னல் இருக்கிறது. அதில் ஒரு வளையம் தட்டையாகப் படுத்திருக்கும். அதன் நாற்புறமும் சிறு இணைப்பு வளையங்கள் நிமிர்ந்து நின்று அடுத்த தட்டை வளையத்தோடு கோக்கும். தட்டை வளையங்கள் நேர்ப்புள்ளியாக நிற்பதால் கட்டத்தாளில் எழுதியது அப்படியே வரும். இணைப்பு வளையங்களைப் பின்புலத்தின் நிறத்திலேயே வைத்தால் அவை கண்ணில் படா. ஆண்டு கட்டாயம் வேண்டுமானால் அதைத் தனியொரு சிறு பட்டையாக இந்த முறையில் செய்து கீழே தொங்கவிடலாம்.

வளையம் மாற்றுவதைப் பொறுத்தவரை, நான் வெற்றுப் பின்னலை முடித்துவிட்டு மாற்றுவதையே விரும்புகிறேன். ஒரு வளையத்தை எடுத்தாலும் அதைச் சுற்றியுள்ள நான்கும் மற்ற வளையங்களால் பிடிக்கப்பட்டிருப்பதால் பின்னல் குலையாது. சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்த்து, கொம்பை இன்னும் அரை வளையம் நீட்டலாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கிறது.


குன்னூர்_பட்டறை எழுதியது:

அம்மா சொல்லும் வசதி உண்மைதான். ஆயினும் முழு உருவத்தையும் அவ்வாறு பதிப்பதை நான் ஏற்கவில்லை. அலுமினிய வளையத்தை ஒருமுறை திறந்து ஒருமுறை மூடலாம். அதற்கு மேல் திறந்து மூடினால் உலோகம் இறுகிவிடும், முனைகள் சரியாகச் சேரா. மாற்றி எடுத்த வெள்ளை வளையங்கள் அத்தனையும் வீணாகும். அதைவிட, நெருக்கமான பின்னலின் நடுவே குறடுகளை நுழைத்து மூடும்போது பக்கத்து வளையத்தின் வண்ணம் கீறிப்போகும். ஆகவே வரிசையாகவே பின்னுங்கள், திருத்தம் தேவைப்படும் சில வளையங்களை மட்டும் கடைசியில் மாற்றுங்கள்.

மூடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உருவத்தின் தெளிவு இதில்தான் இருக்கிறது. இரு குறடுகளாலும் முனைகளின் இரு பக்கத்தையும் பிடித்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருக வேண்டும். விரித்து இழுக்கக் கூடாது. மூடும்போது இரு முனைகளையும் உள்நோக்கி இலேசாக அழுத்தியபடி, ஒன்று மற்றொன்றைச் சற்றே தாண்டிப் போகும்வரை திருகி, பிறகு பின்னுக்குக் கொண்டுவாருங்கள். முனையும் முனையும் உரசும் மெல்லிய ஓசை கேட்டால் வளையம் சரியாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நகத்தை அதன் மேல் ஓட்டினால் தடுக்கக் கூடாது. குறடின் வாயில் தோல் அல்லது ஒட்டுநாடா சுற்றிக்கொண்டால் வண்ணம் பிழைக்கும்.

ஒவ்வொரு வரிசையையும் எண்களாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வெள்ளை 21, கறுப்பு 4, வெள்ளை 34 என்று எழுதினால், அந்த வளையங்களை அதே வரிசையில் ஒரு நூலில் கோத்து வைத்துக்கொண்டு பின்னலாம். மேல் இடது மூலையில் ஒரு செம்பு வளையத்தை அடையாளமாக மாட்டி வையுங்கள். இந்தப் பின்னல் இருபுறமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், வேலையின் நடுவே திருப்பிப் போட்டுவிட்டால் வரையாட்டின் மேல்பாதி ஒரு திசையும் கீழ்ப்பாதி மறு திசையும் பார்க்கும். வேலை முடிந்ததும் செம்பைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது கரையின் கணக்கு. 60 செ.மீ. அகலத்துக்கு ஒற்றைப்படை வரிசையில் 75, இரட்டைப்படை வரிசையில் 74 என்று வைத்தால் இரு விளிம்பும் ஒத்திருக்கும். முன்பு சொன்ன 25 வளையச் சாய்சதுரம் 5 வளையம் அகலமும் 9 வரிசை உயரமும் உடையது. நம் அளவில் அது 4 செ.மீ.-க்கு 4 செ.மீ. என்று வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வளையம் விட்டு 12 சாய்சதுரம் வைத்தால் 71 ஆகும். இரு பக்கமும் இரண்டு வளையம் மிஞ்சும். உயரவாட்டில் இடையில் ஒரு வரிசை விட்டு 9 சாய்சதுரம் வைத்தால் 89 வரிசை. மேலும் கீழும் நான்கு வரிசை விட்டால் மொத்தம் 97. உயரம் 43.7 செ.மீ. வரும். நீங்கள் சொன்ன 45-ஐக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு 100 வரிசை வைத்தால், மேல் விளிம்பில் 75-ம் கீழ் விளிம்பில் 74-மாக முடிந்து கரை ஒவ்வாது. வரிசைகளின் தொகை ஒற்றைப்படையாகவே இருக்கட்டும்.

இப்படி வைத்தால் மொத்தம் 7,227 வளையம். கரையில் 38 சாய்சதுரம். ஆகவே பொன்னிறம் 950. உள்ளே 59 வளையம் அகலமும் 69 வரிசை உயரமும் உள்ள களம், அதாவது 47 செ.மீ.-க்கு 31 செ.மீ., வரையாட்டுக்குக் கிடைக்கும். உடலை 40 வளையத்துக்குள் அடக்கிவிட்டால் கொம்புக்கு மேலும் குளம்புக்குக் கீழும் காற்றோட்டமாக இடம் இருக்கும். முழுத் தொங்கலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை வரும். கம்பியாகக் கணக்கிட்டால் 180 மீட்டருக்குச் சற்று மேல். உடைவதற்கும் கோணுவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.


கூடலூர்_மழைக்காடு எழுதியது:

தொங்கவிடுவதைப் பற்றி ஒரு வரி. மேலே மட்டும் ராடு கொடுத்துத் தொங்கவிட்டால், மேல் வரிசைகள் கீழுள்ள எடை அனைத்தையும் தாங்குவதால் அவை கூடுதலாக நீளும், கீழ் வரிசைகள் நீளாமல் இருக்கும். மேல்கரைச் சாய்சதுரம் ஒல்லியாகவும் கீழ்க்கரைச் சாய்சதுரம் அகலமாகவும் தெரியும். நான்கு புறமும் சட்டம் கொடுத்து, பக்க விளிம்பு வளையங்களையும் சட்டத்தில் மாட்டிவிடுங்கள். பின்னால் துணி வைப்பதாக இருந்தால் சுவருக்கும் துணிக்கும் இடையே ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். இல்லையேல் மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்கும்.


கோத்தகிரி_வளையம் எழுதியது:

சட்டத்துக்குச் சில்வர் ஓக் பலகை வீட்டிலேயே இருக்கிறது, அதையே பயன்படுத்துகிறேன். வளையங்களுக்கு இடையே சுவர் தெரியும் என்பதால் பின்னால் அடர் பச்சைத் துணி வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கறுப்பு உடல் அதில் கலந்துவிடுமோ என்ற ஐயம் இருக்கிறது.


கொடைக்கானல்_மணிமாலை எழுதியது:

கட்டாயம் கலந்துவிடும். வெள்ளைப் பின்புலம் வளையத்தால் மட்டும் வெள்ளையாகத் தெரியாது. இடைவெளியில் தெரியும் துணியும் சேர்ந்துதான் அதன் நிறத்தை முடிவு செய்யும். வெளிர்ச் சாம்பல் அல்லது பழுப்பு கலந்த வெள்ளைத் துணி வையுங்கள். உங்கள் மாதிரித் துண்டில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் இருக்குமாறு பின்னி, மூன்று நிறத் துணிகள் மேல் வைத்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத் துணியை வாங்குங்கள். வளையம் வெட்டுவதைத் துணி முடிவாகும் வரை தள்ளி வைக்க வேண்டியதில்லை. கறுப்பும் பொன்னிறமும் எந்தத் துணியானாலும் தேவைப்படும் எண்ணிக்கை மாறாது.